ஜெர்மன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனிக்கு வந்து, வார இறுதிகளை நம் ஆட்களோடு மட்டுமே கழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளூர்க் குடும்பங்களோடு உட்கார்ந்து சாப்பிட, விளையாட, ஊர் சுற்ற ஆசை இருக்கும். எதையாவது தப்பாகச் செய்துவிடுவோமோ என்ற தயக்கமும் இருக்கும். புதிதாக வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பவேரியக் கிராமத்து வழக்கம் ஹாம்பர்க்கில் செல்லாது, வீட்டுக்கு வீடும் மாறும். பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆபீஸில் நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர்கூட வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நம்மைப் பிடிக்கவில்லையா?

அப்படி நினைக்க வேண்டாம். பல வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த இரண்டு ஜெர்மன்காரர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது இங்கே சாதாரணம். வீட்டுக் கதவு பள்ளிக்கூட நண்பர்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும், ஏதாவது ஒரு சங்கத்தில் கூடப் பழகுபவர்களுக்கும்தான் சுலபமாகத் திறக்கும். இனிமேல் போய் யாருக்கும் பள்ளிக்கூட நண்பர் ஆக முடியாது. மீதி இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு இங்கே ஃபெராய்ன் என்று பெயர். பதிவு பெற்றவை மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல். ஏழு பேர் சேர்ந்தால் ஒன்றைப் பதிவு செய்துவிடலாம் என்பதால் டேபிள் டென்னிஸ், கூட்டுப்பாட்டு, தேனீ வளர்ப்பு என்று எதற்கும் ஒரு ஃபெராய்ன் இருக்கும். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு, ஜெர்மன் ஓரளவு பேச வந்துவிட்டது என்றால், நான் முதலில் சொல்வது தன்னார்வத் தீயணைப்புப் படை. பெரிய நகரங்களுக்கு வெளியே தீயை அணைக்க வருவது பெரும்பாலும் இவர்கள்தான். பயிற்சி முடிந்ததும் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து பேசுவதும் இவர்கள்தான். கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்தால் சந்தோஷமாக விளையாடலாம், ஆனால் அங்கே ஜெர்மன்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். உள்ளூர்க் குடும்பத்தோடு வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துவைக்கும் திட்டம் பல ஊர்களில் இருக்கிறது. மாதம் ஒரு முறை காபி, எப்போதாவது ஒரு நடை என்று தொடங்கும். குழந்தை இருப்பவர்கள் கவலைப்படவே வேண்டாம். கின்டர்கார்டன் வாசலில் குழந்தைகளே உங்கள் வேலையை முடித்துவிடுவார்கள்.

நாமே முதலில் கூப்பிடலாமா?

தாராளமாக. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி. ஆனால் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று நம் ஊர்ப் பாணியில் சொல்லாதீர்கள். கேட்பவர் உடனே போனை எடுத்து, எந்த நாள் என்று கேட்பார். இரண்டு மூன்று வாரம் முன்பே, தேதி, நேரம், மதியச் சாப்பாடா, காபியா, இரவுச் சாப்பாடா என்பதோடு சொல்லுங்கள். அப்படிக் குறித்துக்கொண்டார் என்றால், பெரும்பாலும் நினைவூட்டாமலே வந்து நிற்பார்.

போகிற வழியில் சும்மா எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். குழந்தைகள் சேர்ந்து விளையாடக்கூட இங்கே நாள் குறிப்பார்கள்.

ஏழு மணி என்றால் ஏழு மணியா?

ஆமாம். ஐந்து நிமிடம் தாமதமாகலாம், ஐந்து நிமிடம் முன்னால் போகக் கூடாது. வந்துவிட்டால் தெருமுனையில் நின்று விட்டுப் போங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் செய்தி அனுப்பிவிடுங்கள். ரயில் தாமதம் என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். 2024-இல் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை "நேரத்துக்கு" என்று சேர்த்துக்கொண்டு. ரயிலைத் திட்டுவது இங்கே எல்லா வீட்டிலும் ஓடும் பேச்சு. அந்தப் பேச்சோடு உள்ளே நுழைவது நல்ல தொடக்கம்.

கையில் என்ன கொண்டுபோவது?

பூங்கொத்து, நல்ல சாக்லேட், குடிப்பவர்கள் என்றால் ஒயின். பத்துப் பதினைந்து யூரோவுக்குள் போதும். பட்டுப்புடவை, வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்று இறங்கினால், பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்கள் சங்கடப்படுவார்கள். பூக்களைச் சுற்றியிருக்கும் தாளைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். சிவப்பு ரோஜா காதலிக்கு, வெள்ளை லில்லி சாவுக்கு; இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். நீங்களே செய்த மைசூர்பாகோ முறுக்கோ ஒரு டப்பாவில் கொண்டுபோனால் எந்தச் சாக்லேட்டும் அதன் முன் நிற்காது. நெய், கடலைமாவு, முந்திரி என்று உள்ளே இருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் எந்த வீட்டிலும் இருக்கலாம்.

ஞாயிறு போவதாக இருந்தால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். கடைகள் மூடியிருக்கும். பேக்கரியும் பூக்கடையும் சில மணி நேரம் திறப்பார்கள். விட்டுவிட்டால் பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்கும்தான் கதி.

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, ரொட்டியும் சீஸும் வைத்தார்கள். எங்களை மதிக்கவில்லை என்று அர்த்தமா?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. உண்மையில் அது கௌரவம். விருந்தாளி என்று தள்ளி வைக்காமல், வீட்டில் தினமும் சாப்பிடுவதையே உங்கள் முன்னும் வைத்திருக்கிறார்கள்.

பழைய வழக்கப்படி இங்கே சுடச்சுடச் சாப்பிடுவது மதியம். மாலை ஆறு, ஏழு மணிக்கு ஆபென்ட்ப்ரோட், அதாவது அடுப்பே பற்றவைக்காத சாப்பாடு. ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, ஒரு கத்தி. நடுவில் கூடையில் மூன்று நான்கு வகை ரொட்டி வெட்டி வைத்திருக்கும். கம்பு ரொட்டி போலக் கறுத்து, கொஞ்சம் புளித்த, கையில் எடுத்தால் கனக்கிற ரை ரொட்டி. மேலே சூரியகாந்தி விதை ஒட்டியது ஒன்று. வெண்ணெய், சீஸ், இறைச்சித் துண்டுகள், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், வெட்டிய தக்காளி, முள்ளங்கி. அவரவர் ரொட்டியில் அவரவர் வெண்ணெய் தடவி, மேலே எதையாவது வைத்து, பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுவார்கள். "அந்த வெண்ணெயைக் கொஞ்சம் தள்ளுங்கள்" என்பதுதான் அந்த மேஜையில் அதிகம் கேட்கும் வாக்கியம்.

ரொட்டியைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஜெர்மன் ரொட்டிக் கலாசாரம் 2014-இல் அந்நாட்டின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அவர்கள் ரொட்டிப் பதிவேட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. இது எந்த மாவு, எந்தப் பேக்கரி என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேச்சு ஓடும். நம்மிடம் ஒருவர் தோசைமாவு விகிதம் கேட்டால் நாம் விடுவோமா?

சுத்த சைவம் நான். எப்படிச் சொல்வது?

அழைப்பு வந்த அன்றே சொல்லிவிடுங்கள், மேஜையில் உட்கார்ந்த பிறகு அல்ல. சைவம் இங்கே யாருக்கும் அதிசயம் கிடையாது. பெரும்பாலும் அந்த வீட்டிலேயே ஒரு பிள்ளை இறைச்சியை விட்டிருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: அவர்கள் சைவத்தில் முட்டை உண்டு. நமக்கு முட்டையும் ஆகாது என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். "இறைச்சி, மீன், முட்டை கிடையாது, பால், தயிர், சீஸ் சாப்பிடுவேன்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவை சில உண்டு. தென்பகுதி உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவார்கள். வடக்கே மயோனைஸ், அதில் முட்டை. சிவப்பு முட்டைக்கோஸ் பொரியலில் பன்றிக் கொழுப்போ வாத்துக் கொழுப்போ சேர்வது உண்டு. குழந்தைக்கு நீட்டும் கரடி மிட்டாயில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின். கறுப்புக்காட்டு செர்ரி கேக்கில் செர்ரிச் சாராயம். பர்மேசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதி. எதையும் கேட்டால் மறைக்க மாட்டார்கள். சிலர் பாக்கெட்டையே கொண்டுவந்து காட்டுவார்கள்.

முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொர்க்கம் இருக்கிறது: தெற்கே ஸ்வாபியப் பகுதியின் கேஸ்ஷ்பெட்ஸ்லே. கையால் தேய்த்த நூடுல்ஸ், உருகிய சீஸ், மேலே மொறுமொறு வெங்காயம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளை ஆஸ்பரகஸ் காலம். அப்போது கூப்பிட்டால் அதுதான் தட்டில் இருக்கும். மேலே ஊற்றும் மஞ்சள் சாஸில் முட்டை உண்டு, உருக்கிய வெண்ணெய் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மாட்டிறைச்சி, பன்றி, மது?

மூன்றுக்கும் ஒரே பதில்: "நான் சாப்பிடுவதில்லை, நன்றி." காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மதுவுக்குப் பதில் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே கிடைக்கும், ஆல்கஹால் இல்லாத பியரும் பல வீடுகளில் இருக்கும். கண்ணாடியில் எது இருந்தாலும் சரி, "ப்ரோஸ்ட்" சொல்லி இடிக்கும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் கேலி செய்வார்.

பசியோடு திரும்பி வந்தேன். ஏன் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை?

ஏனென்றால் முதல் தடவையே நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். நம் வீடுகளில் முதல் "போதும்" மரியாதைக்கு, இரண்டாவது "போதும்" பேச்சுக்கு, மூன்றாவதுதான் நிஜம். பரிமாறுபவருக்கும் அது தெரியும், அதனால் கரண்டி நிற்காது. இங்கே "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். வற்புறுத்தினால் உங்கள் வார்த்தையை நம்பாதது போல ஆகிவிடும் என்று பேசாமல் பாத்திரத்தை நகர்த்திவிடுவார்கள். வேண்டும் என்றால் "ஆமாம், இன்னும் கொஞ்சம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுபவரை சமைத்தவருக்குப் பிடிக்காமல் போகுமா?

இதே பாடம் திருப்பியும் உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்தவர் போதும் என்றால் விட்டுவிடுங்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. "அட, இன்னும் ஒரு இட்லிதானே, சாப்பிடுப்பா" என்ற அன்பில், நாகரிகத்துக்காக ஏழாவது இட்லியை விழுங்கிக்கொண்டிருக்கும் மனிதரின் முகம் பார்க்கச் சகிக்காது.

சாப்பாட்டு மேஜையில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

காலணியை வாசலில் கழற்றலாமா என்று கேளுங்கள். பல வீடுகளில் விருந்தினருக்கென்றே செருப்பு வைத்திருப்பார்கள். எல்லோரும் உட்கார்ந்து "கூட்டன் அப்பெடீட்" சொல்லும்வரை தொடாதீர்கள். கொஞ்சமாக எடுத்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். கத்தியையும் முள்கரண்டியையும் பக்கம் பக்கமாக வைத்தால் முடிந்தது என்று பொருள். தண்ணீர் கேட்டால் சோடா வரும். சாதாரணத் தண்ணீர் வேண்டும் என்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். முடிந்ததும் தட்டுகளை எடுத்துவைக்க ஒரு கை கொடுங்கள்.

நம் ஊரில் பேசிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். இங்கே சாப்பாடு முதலில் முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பேசுவதே. சாப்பிட்ட கையோடு எழுந்தால் ஏதோ பிடிக்கவில்லை என்று நினைப்பார்கள். வார நாளில் பத்து மணிவாக்கில் கிளம்பினால் சரி.

எனக்கு ஜெர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

போதும். நடுவயதுக்காரர்கள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார்கள். தாத்தா பாட்டி மாற மாட்டார்கள், கிழக்குப் பகுதியில் வளர்ந்த பெரியவர்கள் பள்ளியில் படித்த அந்நிய மொழி ரஷ்யன். அவர்களோடு பேசத்தான் உங்கள் ஜெர்மன். இலக்கணப் பிழையைப் பொறுத்துக்கொள்வதில் பெரியவர்களும் திருத்துவதில் குழந்தைகளும் தாராளமானவர்கள்.

எங்கள் குழந்தைகள் அவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? அங்கிள், ஆன்ட்டி?

நண்பனின் அம்மா அப்பாவைக் குழந்தைகள் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். நமக்கு நாக்கு கூசும், அவர்களுக்கு அதுதான் இயல்பு. பக்கத்து வீட்டு வயதான அம்மாவை மட்டும் ஃப்ராவ், அதாவது திருமதி, என்று சொல்லிக் குடும்பப் பெயரோடு கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்வார், அதுவரை காத்திருங்கள்.

எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?

அரசியல் பேசலாம், மதத்தைக்கூடப் பேசலாம். மாறுபட்டுப் பேசினால் சண்டை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை, இவர் உங்கள் மனைவியா தோழியா, இதெல்லாம் வேண்டாம்.

ஹிட்லர் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவரை "கண்டிப்பான தலைவர்" என்று பாராட்டும் பேச்சு நம் பக்கம் டீக்கடையில் சாதாரணமாக அடிபடும். இந்த மேஜையில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் குடும்பத்தில் யார் என்ன ஆனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. கை நீட்டி சல்யூட் அடிப்பது சட்டப்படியே குற்றம். இன்னொன்று, நம் வீட்டு ஸ்வஸ்திகம். நாஜிச் சின்னங்களைக் காட்டுவதற்கு இங்கே தண்டனைச் சட்டத்தில் தடை இருக்கிறது. பூஜை அறையில் இருக்கும் மதச் சின்னத்துக்கு அந்தச் சட்டம் வராது. ஆனாலும் வாசல் கதவில் குங்குமத்தில் வரைந்திருந்தால், படியேறி வரும் விருந்தாளிக்கு அந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. ஒன்று பூஜை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். நிதானமாகச் சொன்னால் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் போர்டு கேமை எடுத்துவந்துவிட்டார்கள். பெரியவர்களுமா விளையாடுவார்கள்?

விளையாடுவார்கள், ஜெயிப்பதற்காகவே விளையாடுவார்கள். ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று 1979 முதல் பரிசு கொடுத்து வரும் நாடு இது. உலகம் முழுக்கப் பரவிய கட்டான் 1995-இல் அந்தப் பரிசு வாங்கியதுதான். விதிப்புத்தகத்தை ஒருவர் உரக்கப் படிப்பார், சந்தேகம் வந்தால் மறுபடி அதைத்தான் புரட்டுவார். நம் கேரம்போர்டுத் தீர்ப்புகள் போல "சரி விடு, இந்த ஒரு தடவை" கிடையாது.

முதல் நாளே கட்டானில் இறங்கத் தயக்கமாக இருந்தால், "மென்ஷ் எர்கெரே டிஷ் நிஷ்ட்" இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத வீடு அபூர்வம். ஆளுக்கு நான்கு காய், ஆறு விழுந்தால்தான் வெளியே வரும், பின்னால் வருபவன் வெட்டினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நம் தாயக்கட்டையின் உறவுக்கார ஆட்டம். பச்சீசி இங்கிலாந்து போய் லூடோ ஆகி, அங்கிருந்து இங்கே வந்தது. ம்யூனிக்கில் இதை உருவாக்கிய ஷ்மிட் என்பவர் 1914-இல் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கினார். முதலில் சீந்துவாரில்லை. போர் நடந்துகொண்டிருந்த நேரம், ராணுவ மருத்துவமனைகளுக்கு மூவாயிரம் பெட்டிகளை இலவசமாக அனுப்பினார். குணமாகி வீடு திரும்பிய சிப்பாய்கள் வாயால் நாடெங்கும் பரவியது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, தரையில் சாக்பீஸால் தாயம் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை வைத்து ஆடிக் காட்டுங்கள். மறுபடி எப்போது வருவீர்கள் என்று குழந்தைகள் கேட்பார்கள்.

ஸ்காட் என்றொரு சீட்டாட்டம் உண்டு. மூன்று பேர், 32 சீட்டு. தாத்தாக்கள் ஆடுவது. முதல் நாள் வேடிக்கை மட்டும் பாருங்கள்.

அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறோம். என்ன சமைப்பது?

பதினாறு வகை வேண்டாம். தோசை வார்த்துக் கொடுங்கள். கல்லில் மாவு விரிவதைப் பார்க்க எல்லோரும் சமையலறைக்கு வந்து நிற்பார்கள், ஒருவர் கரண்டியைக் கேட்டு வாங்கி ஜெர்மனி வரைபடம் மாதிரி ஒன்றை வார்ப்பார், அங்கேயே கூச்சம் போய்விடும். காரத்தைப் பாதியாக்கி, பிறகு அதிலும் பாதியாக்குங்கள். காரச் சட்னியைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் துணிந்தவர் தொட்டுக்கொள்வார். தயிரும் வெறும் சாதமும் பக்கத்தில் இருக்கட்டும். கறிவேப்பிலை, ஏலக்காய், பட்டையை ஓரமாக ஒதுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் ஏலக்காயை முழுசாகக் கடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலச் சிரிப்பார்கள். வாழை இலை வேண்டுமானால் ஆசியக் கடைகளில் உறையவைத்தது கிடைக்கும். கையால் சாப்பிடுவதை நீங்கள் தொடங்குங்கள். கரண்டியும் மேஜையில் இருக்கட்டும், அவர்களே முடிவு செய்யட்டும். ஏழு மணி என்று கூப்பிட்டால் ஏழரைக்குள் சாப்பாடு மேஜைக்கு வந்துவிட வேண்டும். ஒன்பதரை வரை பஜ்ஜியைக் கொடுத்து உட்காரவைப்பது அவர்களுக்குத் தாங்காது.

தாளிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. வீடுகளில் புகை அறிவிப்புக் கருவி எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி கட்டாயம். படுக்கையறையிலும் நடைவழியிலும் மாட்டியிருப்பார்கள், சமையலறையில் பொதுவாகக் கட்டாயமில்லை. இதில்தான் மாட்டிக்கொள்வோம். சமையலறைக் கதவைத் திறந்துவைத்துக் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டால், நடைவழிக் கருவி அலறும். விருந்தாளி இருமிக்கொண்டே நாற்காலியில் ஏறி அதைக் கழற்றுவார். கதவைச் சாத்துங்கள், ஜன்னலை முழுசாகத் திறங்கள், அவர்கள் வருவதற்கு முன்பே தாளித்து முடியுங்கள்.

நாலைந்து குடும்பம் வருகிறது என்றால், இன்ன நாள் கொஞ்சம் சத்தமாக இருக்கும் என்று மாடிப்படியில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். இரவு பத்துக்கு மேல் பாட்டு வேண்டாம். அந்தச் சீட்டின் கீழே "நீங்களும் வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால், புகார் சொல்ல வேண்டியவரே தட்டோடு வந்து நிற்கலாம்.

பார்பெக்யூவுக்குக் கூப்பிடுகிறார்கள். சைவக்காரர் போய் என்ன செய்வது?

பெரும்பாலும் அவரவர் சுடுவதை அவரவர் கொண்டுபோவார்கள், கூடவே எல்லோருக்கும் ஒரு சாலட். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பனீரை மசாலா தடவி, குடைமிளகாயோடு குச்சியில் குத்தி எடுத்துப் போனால் முதலில் தீர்வது அதுதான், உங்களுக்கென்று இரண்டை ஒதுக்கி வையுங்கள். இறைச்சி வைத்த கம்பியில் படக் கூடாது என்றால் அலுமினியத் தட்டு ஒன்று கொண்டுபோங்கள்.

ஏரிக்கும் சௌனாவுக்கும் சேர்ந்து போகலாம் என்கிறார்கள்.

ஏரிக்குப் போங்கள். சௌனா, அதாவது சூடான அறையில் வியர்க்க உட்காரும் குளியல், என்றால் ஒன்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்: இங்கே பெரும்பாலான சௌனாவில் ஆண் பெண் எல்லோரும் ஒன்றாக, உடையில்லாமல், கீழே துண்டு விரித்து உட்காருவார்கள். அதில் அவர்களுக்கு எந்த உள்ளர்த்தமும் கிடையாது. நமக்கு ஒத்துவரவில்லை என்றால் "நான் நீச்சல் குளத்தில் இருக்கிறேன், முடித்துவிட்டு வாருங்கள்" என்றால் முடிந்தது.

பிறந்தநாள் விருந்தில் ஏதாவது விதி உண்டா?

ஒன்றே ஒன்று: முன்கூட்டியே வாழ்த்தாதீர்கள். முதல் நாள் மாலை பார்த்தேன், நாளை மறந்துவிடுவேன் என்று வாழ்த்தினால் நிஜமாகவே முகம் மாறும். அபசகுனம் என்று நினைக்கிறார்கள். பரீட்சைக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்டால் நம் பாட்டிக்கு எப்படி இருக்குமோ, அப்படி. மற்றபடி ஆபீஸில் கேக் வாங்கிவர வேண்டியது பிறந்தநாள்காரர்தான், உங்கள் நாளிலும் உங்களிடம் எதிர்பார்ப்பார்கள். குழந்தைகள் விருந்துக்கு அழைப்பில் முடியும் நேரமும் எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குப் போய்க் கூட்டிவந்துவிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் போகலாமா?

டிசம்பரில் குக்கீ சுட, சந்தைக்குப் போக என்று கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். 24-ஆம் தேதி மாலைக்குக் கூப்பிட்டால் அது பெரிய விஷயம். அன்று இரவு சொந்தக் குடும்பம் மட்டும் கூடும் நேரம், நம் தலைதீபாவளிக்கு அந்நியர் ஒருவரை உட்காரவைப்பது மாதிரி. சாப்பாடு பல வீடுகளில் எளிமையாக உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். பெரிய விருந்து 25, 26-இல். மரத்தடியில் உங்களுக்கும் ஒரு பொட்டலம் இருக்கும், அதனால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் சின்னதாக ஒன்று கொண்டுபோங்கள். கடைகள் மதியம் இரண்டு மணிவாக்கில் மூடிவிடும்.

நவம்பர் 11-ஐயும் விட்டுவிடாதீர்கள். புனித மார்ட்டின் நாள், குழந்தைகள் கையில் காகித விளக்கோடு பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். யார் வேண்டுமானாலும் கூட நடக்கலாம், அழைப்பே தேவையில்லை.

பதிலுக்கு நம் விழா ஒன்றுக்கு அவர்களை எங்கே கூட்டிப்போவது?

மேற்குப் பகுதியில் இருந்தால் ஹாம் நகரின் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில். இலங்கைத் தமிழர்கள் முயற்சியில் எழுந்து 2002-இல் குடமுழுக்கு கண்டது. கோடைக்கு முன் நடக்கும் திருவிழாவில் தேர் தொழிற்பேட்டைத் தெருவில் வரும், ஆயிரக்கணக்கில் கூட்டம். சுற்றுவட்டார ஜெர்மன்காரர்களும் வந்து பார்ப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டியிருக்கும், கூட்டமாக இருக்கும், சாப்பாடு காரமாக இருக்கும் என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூரமாக இருப்பவர்களுக்கு வீட்டுப் பொங்கல் போதும். ஜனவரிக் குளிரில் பால்கனியில் பொங்கல் வைக்க முடியாது, அடுப்பிலேயே பொங்கட்டும்.

ஹோட்டலுக்குப் போனால் பணம் யார் கொடுப்பது?

அவரவர். பில் கொடுக்க வருபவரே சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார். பாய்ந்து பர்ஸை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தால் அடுத்த முறை அவர்களுக்குச் சுமை. இன்று என் செலவு என்று வெளிப்படையாகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் மட்டும் கூப்பிட்டவர் கொடுப்பார்.

போட்டோ எடுத்துப் போடலாமா?

எடுப்பதற்கும் கேளுங்கள், போடுவதற்கும் தனியாகக் கேளுங்கள். அவரவர் படத்தை வெளியிட அவரவர் சம்மதம் வேண்டும் என்பது இங்கே சட்டம். குழந்தைகள் படம் என்றால் பெற்றோர் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்புவதும் இதில் சேரும். ஊரில் இருக்கும் அத்தை அதை ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்.

என் பையன் அவர்கள் வீட்டு டிவியை உடைத்துவிட்டான். இப்போது?

மன்னிப்புக் கேட்டுவிட்டு, உங்களிடம் தனிநபர் பொறுப்புக் காப்பீடு, அதாவது ப்ரிவாட் ஹாஃப்ட்ப்ஃலிஷ்ட், இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களே அதைத்தான் முதலில் கேட்பார்கள், கோபத்தில் கேட்பதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் காப்பீடு இது, வருடத்துக்குச் சில பத்து யூரோவிலிருந்து கிடைக்கிறது. பிள்ளைக்கு ஏழு வயது முடியவில்லை என்றால், செய்த சேதத்துக்கு அவன் சட்டப்படி பொறுப்பாளி ஆக மாட்டான். பெற்றோர் கண்காணிப்பில் குறை இல்லை என்றால் அவர்களும் கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் அப்படி விட்டுவிட்டால் காப்பீட்டு நிறுவனமும் பணம் தராது, பக்கத்து வீட்டு டிவி மட்டும் உடைந்தே கிடக்கும். அதனால் காப்பீடு எடுக்கும்போதே, சின்னக் குழந்தைகள் செய்யும் சேதத்தையும் சேர்க்கும் பிரிவு அதில் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள்.